வெயில் நாளில் வெள்ளம்: மயாமி பீச் தன் சாலைகளை உயர்த்தியது ஏன், எப்படி?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள் இருந்தன. ரோடு போட வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். முதலில் ஒரு படி மறைந்தது, பிறகு இன்னொன்று. இன்றைக்கு ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். மழை நாளில் தண்ணீரும் அதே வழியில்தான் உள்ளே இறங்குகிறது.

அதனால், அமெரிக்காவில் ஒரு நகரம் கடல் உயர்வதால் தன் சாலைகளை இரண்டு மூன்று அடி உயர்த்துகிறது என்று சொன்னால் நம் ஊரில் இரண்டு விதமான பதில்கள் வரும். "இதைத்தான் நாங்கள் கேட்காமலேயே செய்கிறோமே" என்பது ஒன்று. "ரோட்டை ஏன் தொட வேண்டும், கடலோரம் ஒரு சுவர் கட்டினால் போதாதா?" என்பது மற்றொன்று. நன்றாகப் படித்தவர்கள்கூட இப்படிக் கேட்கிறார்கள். கடல் எந்த வழியாக ஊருக்குள் வருகிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும். அதற்கு மயாமி பீச்சைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முன்வாசல் மேடு, கொல்லைப்புறம் பள்ளம்

மயாமி பீச், புளோரிடா மாநிலத்தின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள ஒடுக்கமான தீவு. 1915இல் தனக்கென உள்ளாட்சி பெற்ற ஊர். அதன் கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல். மேற்கே, தீவுக்கும் மயாமி மாநகரத்துக்கும் நடுவே, பிஸ்கேன் விரிகுடா.

வெள்ளம் என்றதும் அலையடிக்கும் கிழக்குப் பக்கம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பக்கம் இயற்கையாகவே மணல் மேடு. தாழ்வான பகுதி மேற்கே இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே அலையாத்திக் காடு இருந்தது. அதை வெட்டி, விரிகுடாவின் அடியிலிருந்து தோண்டிய மண்ணைக் கொட்டி மனையாக்கினார்கள். ஆல்டன் ரோடு, வெஸ்ட் அவென்யூ, சன்செட் ஹார்பர் என்று அடிக்கடி தண்ணீர் நின்ற இடங்கள் எல்லாமே இந்த மேற்குப் பக்கத்தில் உள்ளவை. அலைகள் எட்டிப் பார்க்காத, அமைதியான விரிகுடா ஓரம் அது.

அலையே இல்லாத பக்கத்தில் வெள்ளம் எப்படி வருகிறது?

கொத்தனாரின் டியூப்

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரியான நீளமான டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் பிடிப்பார். நடுவில் டியூப் தரையில் வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் அந்தப் பக்கம் தண்ணீர் வழிந்துவிடும்.

கடலோர நகரத்தின் மழைநீர் வடிகாலும் இப்படி ஒரு டியூப்தான். ஒரு முனை தெருவோரத்தில் கம்பிச் சல்லடையோடு திறந்திருக்கிறது. மறுமுனை விரிகுடாவில் திறக்கிறது. கடல் தாழ்ந்திருக்கும்போது மழைநீர் தன் எடையாலேயே இறங்கிப் போய்விடும், மோட்டார் எதுவும் தேவையில்லை. கடல் மட்டம் தெருச் சல்லடையைவிட மேலே போனால் அதே குழாய் எதிர்த்திசையில் வேலை செய்யும். வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது, ஆனால் சல்லடை வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று தெருவுக்கு வரும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

கடல் மட்டம் சல்லடை அளவுக்கு ஏறாமல், சற்றுக் கீழேயே நின்றாலும் தொல்லைதான். குழாய் ஏற்கெனவே கடல்நீரால் நிரம்பியிருப்பதால் மழைநீருக்கு உள்ளே இடமில்லை. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடல் பொங்கி நின்றதால் ஆறுகளும் கால்வாய்களும் தண்ணீரைக் கடலில் சேர்க்க முடியாமல் திணறியதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

2016 நவம்பரில் மயாமி பீச்சில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் தேங்கியது. அந்தத் தண்ணீரில் உயிரோடு ஓர் ஆக்டோபஸ் கிடந்தது. அலையில் அடித்து வந்திருக்க வழியில்லை. கட்டடத்தின் வடிகுழாய் விரிகுடாவோடு இணைந்திருந்தது, அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். கொத்தனாரின் டியூபை மறந்துவிட்டாலும் இந்த ஆக்டோபஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கடல் கரையைத் தாண்டி வரத் தேவையில்லை. மழைநீரை வெளியேற்ற நாம் போட்ட குழாயே அதற்கு வழியாகிவிடுகிறது.

ஓதம், பேரோதம், அரை அடி

கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் ஓதம் அதிகமாக இருக்கும். சந்திரன் பூமிக்கு மிக அருகே வரும் நாளும் அதோடு சேர்ந்துகொண்டால் ஆண்டின் மிக உயரமான ஓதம் வரும். ஆங்கிலத்தில் இதைக் 'கிங் டைட்' என்பார்கள், நாம் பேரோதம் என்று சொல்லலாம். தெற்கு புளோரிடாவில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இது உச்சத்தில் இருக்கும். கோடை முழுக்கச் சூடான கடல்நீர் விரிந்திருப்பதும், கரையோரமாக ஓடும் புளோரிடா நீரோட்டம் அந்தக் காலத்தில் தளர்வதும் தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுகின்றன.

பேரோதம் புதிதல்ல, தாத்தா காலத்திலும் வந்ததுதான். மாறியிருப்பது அது எந்த உயரத்திலிருந்து தொடங்குகிறது என்பது. கடல்நீர் சூடாகி விரிவதாலும், நிலத்தின் மேலிருந்த பனி உருகிக் கடலில் சேர்வதாலும் உலகக் கடல்களின் சராசரி மட்டம் 1993இலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மயாமிப் பக்கத்தில் ஏறக்குறைய அதே காலத்தில் சுமார் அரை அடி.

"அரை அடிதானே?" என்று தோன்றும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெருச் சல்லடையின் உயரம் 2 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு பேரோதம் ஒன்றேமுக்கால் அடி வரை வந்து நின்றது. சல்லடைக்குக் கீழே கால் அடி மிச்சம் இருந்தது, தெரு காய்ந்தே கிடந்தது. இப்போது அரை அடி கூடியதும் அதே பேரோதம் இரண்டேகால் அடிக்கு வருகிறது. தெருவில் கால் அடித் தண்ணீர். பாத்திரத்தின் விளிம்பு வரை பால் இருக்கும்போது இன்னும் ஒரு கரண்டி ஊற்றினால் அது அடுப்பில்தான் வழியும். அரை அடியை நாம் பார்க்க வேண்டிய விதம் இதுதான்.

சுவர் கட்டினால் போதாதா?

குழாயின் வாயை அடைத்து, கரையோரம் சுவரும் எழுப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நெதர்லாந்து நாடு கரை கட்டித்தானே காலங்காலமாகக் கடலைத் தடுத்து வைத்திருக்கிறது?

நெதர்லாந்தின் பெரும்பகுதிக்கு அடியில் களிமண்ணும் கரிமண்ணும் இருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் மிக மெதுவாகத்தான் கசியும், கசிந்ததை பம்ப் வைத்து இறைத்துவிடலாம். மயாமி வட்டாரத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதை வெட்டி எடுத்து உற்றுப் பார்த்தால் பழைய தேன்கூடு மாதிரி துளைத்துளையாக இருக்கும். தண்ணீர் அதற்குள் தாராளமாக ஓடும். மயாமி மக்கள் குடிக்கும் நிலத்தடி நீரே இந்தக் கல்லின் துளைகளில்தான் நிற்கிறது.

சல்லடை போன்ற இந்தக் கல்லின் மேல் சுவர் கட்டினாலும் அடியிலிருந்து தண்ணீர் வரத்தான் செய்யும். கடல் உயர்ந்தால் சுவருக்கு இந்தப் பக்கம் நிலத்தடி நீர்மட்டமும் கூடவே உயரும். நிலத்தடி நீர்மட்டம் என்பது தோண்டினால் எந்த ஆழத்தில் தண்ணீர் தட்டுப்படுமோ அந்த மட்டம். பேரோத நாளில் தாழ்வான தெருக்களில் அது தரையை எட்டிப் பார்க்கும்.

அதற்காகச் சுவரே வேண்டாம் என்பதில்லை. புயல் தள்ளிக்கொண்டு வரும் நீரையும், நேரடியாகக் கரை தாண்டும் ஓதத்தையும் அது தடுக்கும். மயாமி பீச்சும் சுவர்களை உயர்த்திக் கட்டுகிறது. சுவர் மட்டும் போதும் என்று நம்புவதுதான் தவறு.

வால்வு, சம்ப், பம்ப்

சரி, என்ன செய்தார்கள்?

2013 தேர்தலில் வென்று மேயரான பிலிப் லெவின் தெரு வெள்ளத்தையே முக்கியப் பிரச்சினையாகக் கையில் எடுத்தவர். அவர் காலத்தில் நகரம் சுமார் 50 கோடி டாலர் என்று மதிப்பிட்டு ஒரு திட்டத்தை வகுத்தது. மிகத் தாழ்வான சன்செட் ஹார்பரில் வேலை முதலில் நடந்தது. அந்தத் திட்டத்தின் பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் முந்தையது உண்டாக்கிய சிக்கலைத் தீர்க்கத்தான் அடுத்தது வந்தது.

முதலில் வால்வு. நம் வீட்டு மோட்டார் லைனில் பிளம்பர் ஒரு 'நான்-ரிட்டர்ன் வால்வு' போடுவார். தண்ணீர் மேலே போகும், திரும்பி வராது. அதே வேலையைச் செய்யும் பெரிய வால்வுகளை வடிகாலின் கடல்பக்க வாயில் பொருத்தினார்கள். அவற்றில் ஒருவகை தடித்த ரப்பரில், வாத்தின் அலகு போலத் தட்டையாக இருக்கும். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் அலகு திறக்கும், கடல் தள்ளினால் இறுக மூடிக்கொள்ளும். ஆக்டோபஸ் வந்த வழி அடைபட்டது.

ஆனால் கடல் உயரமாக இருக்கும்போது அலகு மூடியே கிடக்கும். அந்த நேரம் பார்த்து மழை பெய்தால்? தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே வெள்ளம் வராமல் தடுத்து, உள்ளே ஒரு வெள்ளத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

அதனால் இரண்டாவதாக பம்ப். தெருநீர் எல்லாம் ஓரிடத்தில் வந்து விழும்படி தரைக்கு அடியில் பெரிய தொட்டி கட்டினார்கள். நம் வீட்டு சம்ப் போலத்தான், அளவு மட்டும் பல மடங்கு. சம்பில் தண்ணீர் ஏறியதும் பம்ப் தானாக ஓடி, கடலின் அழுத்தத்தை எதிர்த்து நீரை விரிகுடாவுக்குள் தள்ளும். தானாக வடிந்துகொண்டிருந்த ஊர் இனி இறைத்தால்தான் வடியும். இது சின்ன மாற்றமல்ல. இந்தத் திட்டத்திலேயே ஆழமான மாற்றம் இதுதான் என்பேன்.

பம்ப் என்றால் மின்சாரம். 2017 ஆகஸ்ட் 1 அன்று கொட்டிய மழையில் மின்சாரம் போய், சன்செட் ஹார்பர் பகுதியில் பம்புகள் நின்றுவிட்டன. ஜெனரேட்டர் நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கவில்லை. புது ரோடு, புது வால்வு, புது பம்ப் எல்லாம் இருந்தும் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. புயல் மழையில் முதலில் போவது மின்சாரம் என்பது நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பம்பை நம்பும் ஊர் ஜெனரேட்டரையும் டீசலையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தெருநீரில் எண்ணெய், குப்பை, நாய்க்கழிவு எல்லாம் இருக்கும். அதை வேகமாக விரிகுடாவில் தள்ளினால் அங்குள்ள கடற்புல்லும் மீனும் பாதிக்கப்படும். வடிகட்டும் அமைப்புகள் குப்பையையும் மண்டியையும் பிடிக்கும், தண்ணீரில் கரைந்து போனதைப் பிடிப்பது கடினம். இந்தக் கவலையை அங்குள்ள ஆய்வாளர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: வால்வு கடலைத் தடுக்கிறது, வால்வு மூடியிருக்கும்போது மழைநீரை பம்ப் வெளியேற்றுகிறது. இவ்வளவும் நடக்க இன்னும் ரோட்டைத் தொடவே இல்லை.

ரோட்டை ஏன் உயர்த்த வேண்டும்?

பலர் நினைப்பது: மேலே தண்ணீர் நிற்கக் கூடாது, அதற்காக உயர்த்துகிறார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி தாருக்கு அடியில் இருக்கிறது.

கடற்கரையில் மணல்வீடு கட்டிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். காய்ந்த மணல் சரியும். லேசாக ஈரமான மணல் கெட்டியாக நிற்கும். தண்ணீர் தளும்பும் மணலில் கால் வைத்தால் புதையும். கடைசியில் சொன்னதுதான் ரோட்டுக்கு எமன்.

நாம் பார்க்கும் கறுப்புத் தார், ரோட்டின் மேல்தோல் மட்டுமே. லாரியின் எடையைத் தாங்குவது அதற்கு அடியில் இறுக்கிப் போட்ட ஜல்லிப் படுகை. புளோரிடாவில் இதற்கும் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லைத்தான் உடைத்துப் போடுகிறார்கள். கல்லும் கல்லும் உரசிப் பிடித்துக்கொள்வதால்தான் அந்தப் படுகைக்கு வலிமை. நிலத்தடி நீர் உயர்ந்து படுகையை ஊறவைத்தால், பஸ் போகும் ஒவ்வொரு முறையும் இடுக்கில் இருக்கும் தண்ணீர் அழுந்தி, கற்களை விலக்கப் பார்க்கும். சின்னத் துகள்களை அரித்து வெளியே தள்ளும். உள்ளே பொந்து விழும். மேலே முதலில் மயிரிழை விரிசல், பிறகு முதலைத் தோல் போன்ற வெடிப்பு, அப்புறம் குழி. ரோட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்காமலேயே ரோடு செத்துப்போகும்.

அதனால்தான் ரோட்டை உயர்த்தும்போது முழு அடுக்கையும் தூக்குகிறார்கள். பழையதைப் பெயர்த்து, கீழே நிரப்பி, ஜல்லிப் படுகை நிலத்தடி நீருக்கு மேலே வரும்படி புதிதாகக் கட்டுகிறார்கள். கூடவே குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் மாற்றவோ இடம் பெயர்க்கவோ வேண்டும். சன்செட் ஹார்பரில் ரோடு இரண்டிலிருந்து மூன்று அடி வரை உயர்ந்தது. எங்கள் தெருவில் தாரின் மேல் தார் போட்டு ஏற்றியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் சரிய வேண்டும், எந்தச் சம்பில் விழ வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அந்தக் கணக்குக்கு ஏற்ப உயர்த்தினார்கள். எங்கள் தெருவில் எந்தக் கணக்கும் இல்லாமல் உயர்ந்தது. 2021இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட வேண்டிய அளவுக்கு அது எங்கும் நிறைந்த பழக்கம்.

ரோடு மேலே, கடை கீழே

ஆனால் கணக்குப் போட்டுச் செய்தாலும் வீட்டு வாசல் பள்ளமாவதைத் தவிர்க்க முடியாது. அதை மட்டும் நம்மால் உடனே புரிந்துகொள்ள முடியும்.

சன்செட் ஹார்பரின் சில உணவகங்களில் பழைய நடைபாதை அதே உயரத்தில் கிடக்கிறது. அங்கே மேசை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், கார்ச் சக்கரங்கள் கண் மட்டத்தில் உருண்டு போகும். ரோட்டுக்குப் போகப் படியேற வேண்டும். இப்படிப் பள்ளமாகிப் போன முற்றத்துக்கென்று தனியாக வடிகால் வைத்து, அதைப் புது வடிகாலோடு இணைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் உயர்ந்த ரோட்டின் மழைநீர் முழுவதும் கடைக்குள்தான் போகும்.

2016இல் இந்தப் பகுதியில் ஓர் உணவகத்துக்குள் மழைநீர் புகுந்தது. உரிமையாளர் வெள்ளக் காப்பீட்டு இழப்பீடு கேட்டார். முதலில் மறுத்துவிட்டார்கள். காரணம், ரோடு உயர்ந்த பிறகு அவருடைய தரைத்தளம் தெருவுக்குக் கீழே போய்விட்டதால், காப்பீட்டு விதிப்படி அது 'பாதாள அறை' ஆகிவிட்டதாம். கட்டடம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. எனக்கு இந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் வீட்டின் மறைந்துபோன மூன்று படிகள்தான் நினைவுக்கு வந்தன. ரோட்டை உயர்த்துவது பொறியாளர் முடிக்கும் வேலை என்று நினைக்கிறோம். காப்பீடு, சொத்துவரி, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சட்டம் எல்லாமே அதோடு சேர்ந்து நகர வேண்டியிருக்கிறது.

குடியிருப்போரின் எதிர்ப்பும் வலுத்தது. 2018இல் அர்பன் லேண்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பின் வல்லுநர் குழு வந்து ஆராய்ந்தது. நகரம் துணிந்து வேலையைத் தொடங்கியதைப் பாராட்டியது. அதே சமயம் மக்களோடு இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும், பம்பையும் குழாயையும் மட்டும் நம்பாமல் தண்ணீரை உறிஞ்சும் பசுமைப் பரப்புகளையும் சேர்க்க வேண்டும் என்றது. என் பார்வையில் முதலில் சொன்னதுதான் கடினம். மரம் நடுவதைவிட, "உங்கள் வாசல் இனிமேல் பள்ளம்" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லி விளக்குவது கஷ்டம்.

எவ்வளவு உயரம், எந்த ரோடு?

ரோட்டுக்கு ஆயுள் உண்டு. இருபது முப்பது ஆண்டுகளில் எப்படியும் புதுப்பிக்க வேண்டும். அதனால் நூறு ஆண்டுக்கான உயரத்தை இன்றைக்கே கட்ட அவசியமில்லை. அடுத்த புதுப்பிப்பு வரை தாங்கும் உயரம் போதும், அப்போது மறுபடி பார்த்துக்கொள்ளலாம். குழாயும் சம்பும் அப்படியல்ல. அவற்றைத் தோண்டி மாற்றுவது பெரிய செலவு என்பதால் தொடக்கத்திலேயே கூடுதலாக வைத்துக் கட்ட வேண்டும்.

நிலமே புதிதாக உருவாகும் இடங்களில் இது சுலபம். சிங்கப்பூர் 2011இலேயே கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலத்தின் குறைந்தபட்ச உயரத்தை ஒரு மீட்டர் கூட்டி, சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் 4 மீட்டர் என்று வைத்தது. சாங்கிக் கடற்கரையை ஒட்டிய நிக்கல் டிரைவ் சாலையை 2016இல் 0.8 மீட்டர் வரை உயர்த்தியது. அந்தச் சாலையோரம் உயர்ந்த பிறகு பள்ளமாகிப்போக வரிசையாகக் கடைகளும் வீடுகளும் இல்லை.

பணக்கார நகரத்தின் நெரிசலான தெருவில் ஒரு மைல் ரோட்டை உயர்த்தினால் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்துவார்கள், வரியும் வரும். மயாமி பீச்சுக்குத் தெற்கே, புளோரிடா கீஸ் என்ற தீவுத் தொடர் இருக்கிறது. அங்கே கீ லார்கோவின் ஸ்டில்ரைட் பாயின்ட் குடியிருப்பில் 2019 இலையுதிர் காலத்தில் சுமார் மூன்று மாதங்கள் தெருவில் உப்புநீர் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த மாவட்ட நிர்வாகம் ஒரு கணக்கை வெளியிட்டது. சுகர்லோஃப் கீ தீவின் முனையில் மூன்று மைல் ரோடு. அதை உயர்த்தி, 2025 வரை தண்ணீர் ஏறாமல் வைத்திருக்க 7.5 கோடி டாலர் ஆகும் என்றது அந்தக் கணக்கு. அந்த ரோட்டை நம்பியிருக்கும் வீடுகள் சுமார் இரண்டு டஜன். அப்படிப்பட்ட சில ரோடுகளைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றவே முடியாமல் போகலாம் என்று அதிகாரிகள் பொது மேடையில் சொன்னார்கள். அந்த வீடுகளில் இருப்பவர்களும் அதைக் கேட்டார்கள்.